விருதுபட்டியும் நெய்வேலியும்
பெருந்தலைவர் காமராசர் வாழ்வில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம்

விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு காமராசரைப் பற்றிக் கட்டுரை எழுதுவது திருநெல்வேலிக்கே அல்வா கொடுக்கிற வேலை. மதிய உணவு, இலவசக் கல்வி, கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியை உதறியது எல்லாம் நம் கல்லூரிப் பையன்களுக்கும் பெண்களுக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மனப்பாடம். ஆகவே இந்த மலரில் அவற்றைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பூமிக்கடியில் யுகயுகமாகக் கிடந்த பழுப்பு நிலக்கரி எப்படி ஒரு பெரும் தொழிலாக மாறியது, அதில் நம்மூர்க்காரரின் பங்கு என்ன, அவருக்குப் பின் வந்த அரசுகள் அதை எந்தெந்தப் பக்கம் திருப்பின என்பதைச் சொல்லலாம் என்று எண்ணம். பொருளியல் படித்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கும் புரியவேண்டும் அல்லவா!

ஜவுளிக்கடையிலிருந்து கோட்டைக்கு

1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் விருதுபட்டியில் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் காமராசர். சின்ன வயதிலேயே தந்தை காலமாகிவிட்டார். சத்திரிய வித்தியாசாலையில் தொடங்கிய படிப்பு பாதியிலேயே நின்றது. மாமா கருப்பையா நாடாரின் ஜவுளிக்கடையில் பையனை உட்கார வைத்தார்கள். துணி கிழிக்கிற வேலையை விட, கடைக்கு வருகிற செய்தித்தாளிலும் ஊரில் நடக்கிற கூட்டங்களிலும்தான் மனசு போயிற்று. 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு பெல்லாரிப் பக்கம் அலிப்புரம் சிறைக்குப் போனார். அடுத்தடுத்துக் கைதுகள், எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு சிறைவாசம். அவர் சேராத கல்லூரியின் பட்டப்படிப்பைப் போல மூன்று மடங்கு!

1940-இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். 1941-இல் சிறைக்குள் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராக ஊர் அவரைத் தேர்ந்தெடுத்தது. வெளியே வந்தவர், முழுநேரம் உழைக்க முடியாத பதவி தனக்கு வேண்டாம் என்று விலகிவிட்டார். 1954 ஏப்ரல் 13 அன்று சென்னை மாநில முதலமைச்சர் ஆனார். எட்டே பேர் கொண்ட சின்ன மந்திரிசபை. அவர் மேசைக்கு வந்த பழைய கோப்புகளில் ஒன்று நெய்வேலி.

வானம் பார்த்த கரன்ட்

அந்தக் கோப்பு ஏன் முக்கியம் என்று தெரிய வேண்டுமானால் அன்றைய நிலையைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். நாட்டின் நிலக்கரியெல்லாம் வங்காளத்து ராணிகஞ்சிலும் பீகாரின் ஜாரியாவிலும் கிடந்தது (ஜாரியா இன்று ஜார்க்கண்டில் இருக்கிறது). தென்பக்கம் சிங்கரேணி ஒன்றுதான். அதுவும் ஹைதராபாத் ராஜ்யத்தில். சென்னை மாநிலத்தின் ரயிலுக்கும் ஆலைக்கும் ஆயிரம் மைல் தாண்டி நிலக்கரி வரவேண்டும். போர்க்காலத்தில் வந்த 1945-ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விலையையும் அரசே வைத்தது, யாருக்கு எவ்வளவு என்பதையும் அரசே சொன்னது. வாகன் கிடைக்கவில்லை என்றால் ஒதுக்கீட்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, நீர்மின்சாரம் இல்லையா? இருந்தது. பைக்காரா 1932-இல் வந்தது, மேட்டூர் 1937-இல், நம் பக்கத்துக்குப் பாபநாசம் 1944-இல். மழை பெய்தால் கரன்ட், பொய்த்தால் வெட்டு. வானம் பார்த்த பூமியான நம் கந்தக பூமிக்கு வந்த மின்சாரமும் வானம் பார்த்த மின்சாரமாகவே இருந்தது. தொழிலை வளர்க்க நினைக்கும் எந்த முதலமைச்சருக்கும் இது தலைவலி. கிண்டியிலும் விருதுநகரிலும் தொழிற்பேட்டை போடலாம்; பட்டறைக்குக் கரன்ட் எங்கிருந்து வரும்?

அரசின் ஒரு வரி எப்படி ஒரு ஊரையே மாற்றும் என்பது சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1922-இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரி ஏறியது. அந்தச் சமயத்தில்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தார்கள். ஸ்வீடன் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. வரிச்சுவருக்கு உள்ளேயே வந்து விம்கோ ஆலையைத் தொடங்கியது. 1934-இல் உற்பத்தி வரி வந்தது. பிறகு பெரிய ஆலைக்கு ஒரு விகிதம், கைத்தொழிலுக்குக் குறைந்த விகிதம் என்று பிரித்ததால்தான் நம் வட்டாரத்துச் சின்ன முதலாளி தாக்குப்பிடித்தார். 2018-இல் உச்சநீதிமன்றம் பட்டாசில் பேரியத்துக்குத் தடை போட்டபோது என்ன பாடுபட்டோம் என்பதும் நமக்குத் தெரியும். நிலக்கரிக் கதையும் இதே மாதிரிதான், அளவுதான் பெரிது.

கிணற்றில் வந்த கருப்பு

1930-களின் நடுவில் தென்னார்க்காடு மாவட்டத்து நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்கிணறு போட்டார். தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது. அதை அவர் விடாமல் அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். 1940-களில் இந்திய நிலவியல் துறை துளைபோட்டுப் பார்த்தது. எச். கே. கோஷ் என்ற சுரங்கப் பொறியாளர் தலைமையில் நடந்த துளையிடலில் 50 கோடி டன் வரை இருக்கலாம் என்று தெரியவந்தது. 1953-இல் சோதனைச் சுரங்கம் தோண்டினார்கள். இதெல்லாம் காமராசர் வருவதற்கு முன்பே நடந்தவை. அந்தப் பெருமையை முன்னவர்களிடமிருந்து பிடுங்கி அவருக்குக் கொடுக்கவேண்டிய அவசியம் கிடையாது.

அவருக்கு மிஞ்சியது கஷ்டமான பாதி. இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எடுக்க முடியுமா, எடுத்தால் கட்டுபடியாகுமா? பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரம். கருப்பு நிலக்கரியோடு ஒப்பிட்டால் சூடு குறைவு. தூரத்துக்கு அனுப்பி விற்கக் கட்டாது; தோண்டிய இடத்திலேயே எரித்துவிட வேண்டும். அதன் மேலே 50 மீட்டருக்கும் அதிகமான மண்ணும் மணற்பாறையும். ஒரு டன் எடுக்க ஐந்தாறு கனமீட்டர் மண்ணை அப்புறப்படுத்த வேண்டும். இதைவிடப் பெரிய வில்லன் அடியில் இருந்தது: நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர். பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொண்டு வெள்ளம் வரும். லாபம் பார்க்கும் எந்தத் தனியாரும் இதில் காசு போட வரமாட்டார். மாநில அரசின் பெட்டியிலோ அத்தனை பணம் இல்லை.

ஆவடி வழியாக நெய்வேலிக்கு

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. முதலமைச்சராகக் காமராசர் இருந்த மாநிலத்தில், சோஷலிசப் பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்ற தீர்மானம் நிறைவேறியது. அது மேடைத் தீர்மானமாக நின்றுவிடவில்லை. 1956 ஏப்ரல் 30 அன்று வந்த தொழிற்கொள்கைத் தீர்மானம், நிலக்கரியையும் பழுப்பு நிலக்கரியையும் அரசுக்கே ஒதுக்கிய 'அ' பட்டியலில் சேர்த்தது. புதிய சுரங்கம் என்றால் இனி அரசுதான். இந்த ஒரு வரி இல்லையென்றால் நெய்வேலி இன்னும் முந்திரிக்காடாகவே இருந்திருக்கும்.

பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் ஆராய்ந்து, செய்யலாம் என்று அறிக்கை கொடுத்தது. ஆண்டுக்கு 35 லட்சம் டன் எடுப்பது. அதை வைத்து மின்சாரம், யூரியா உரம், அடுப்புக்கரி மூன்றும் செய்வது என்பது திட்டம். ஒன்றில் நட்டம் வந்தால் மற்றது தாங்கும் என்ற கணக்கு. மாநிலம் தொடங்கிய வேலையை மத்திய அரசின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் ஏற்றிவிடுவதுதான் காமராசர் அரசு செய்த காரியம். 1956 நவம்பர் 14 அன்று, நேருவின் பிறந்த நாளில், நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. டி. எம். எஸ். மணி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி அதற்குப் பொறுப்பேற்றார். 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தன் மாநிலத்துச் செல்வத்தை டெல்லியின் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டாரே என்று பின்னால் குறை சொன்னவர்கள் உண்டு. அவர் முன்னால் இருந்த வழிகள் இரண்டுதான். உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு பணத்துக்குக் காத்திருப்பது ஒன்று. உரிமையை விட்டு மின்சாரத்தை வாங்கிக்கொள்வது மற்றொன்று. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லாத காலத்தில் ஒரு முதலமைச்சர் செய்த முடிவு அது. அதன் நன்மையும் பாரமும் இன்றுவரை நம்மோடு வருகின்றன.

தண்ணீரோடு ஒரு யுத்தம்

சொன்ன தேதிக்கு எதுவும் முடியவில்லை. ஜெர்மனியிலிருந்து ராட்சதச் சக்கர இயந்திரங்கள் வந்தன. கடலூர் மணற்பாறை அவற்றின் பற்களைத் தின்று தீர்த்தது. சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்கள் போட்டு இரவுபகல் நீர் இறைத்தார்கள். ஒரு டன் நிலக்கரிக்குப் பல டன் தண்ணீர் என்ற கணக்கு! வெட்டத் தொடங்கி நாலு வருஷம் கழித்து, 1961 ஆகஸ்டில்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அந்த நாலு வருஷமும் மண்ணை அள்ளிக் கொட்டுவதற்கே செலவு. ஒரு பைசா வரவில்லை. தனியார் கம்பெனியாக இருந்தால் பங்குதாரர்கள் ஓட்டம் பிடித்திருப்பார்கள். கொள்கை மாறாமல் நின்றதால்தான் வேலை நின்றுபோகவில்லை.

மின்நிலையத்துக்குச் சோவியத் நாடு கடனும் இயந்திரமும் கொடுத்தது. 1962-இல் முதல் 50 மெகாவாட் யூனிட் ஓடியது. 250 மெகாவாட் என்று தொடங்கிய நிலையம், படிப்படியாக வளர்ந்து 1970-இல் 600 மெகாவாட் ஆயிற்று. அனல் அடுப்புக்கு மழை தேவையில்லை என்பதால், குந்தா, பெரியாறு நீர்மின் திட்டங்களோடு சேர்ந்து இது மாநிலத்துக்கு நிதானமான கரன்ட்டைக் கொடுத்தது. கிராமத்துக்குக் கிராமம் கம்பி போனது. கமலை இறைத்த கிணறுகளில் பம்புசெட் ஏறியது. நெய்வேலியில் செய்த லெக்கோ அடுப்புக்கரியை நம்மில் பலர் வீட்டில் அம்மா எரித்தது நினைவிருக்கும். உரத் தொழிற்சாலையும் லெக்கோவும் பின்னாளில் மூடப்பட்டன. மூன்றில் மின்சாரம் ஒன்றுதான் நிலைத்தது.

அவர் போன பாதையும் நிலக்கரி போன பாதையும்

1963 அக்டோபர் 2 அன்று காமராசர் முதலமைச்சர் பதவியை விட்டார். 1964-இல் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். நேருவுக்குப் பின் சாஸ்திரி, சாஸ்திரிக்குப் பின் இந்திரா என்று இரண்டு பிரதமர்கள் வர வழிசெய்தார். ஆனால் 1967-இல் சொந்த ஊரிலேயே, மாணவர் தலைவராக இருந்த சீனிவாசனிடம் 1,285 வாக்கில் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் மொழிப் போராட்டமும் சேர்ந்து அடித்த அடி அது. சுரங்கமும் மின்நிலையமும் ஓட்டு வாங்கித் தரவில்லை. அவர் ஊரைக் குறை சொல்லவில்லை.

1969-இல் காங்கிரஸ் உடைந்தபோது அவர் ஒரு பக்கம், இந்திரா காந்தி மறுபக்கம். நிலக்கரியின் அடுத்த பெரிய திருப்பம் அந்த மறுபக்கத்திலிருந்து வந்தது. செய்தவரும் ஒரு தமிழரே. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்து மோகன் குமாரமங்கலம், மத்திய உருக்கு சுரங்க அமைச்சர். வடக்கே தனியார் சுரங்கங்களில் சுலபமாகக் கிடைத்ததை மட்டும் வெட்டிக்கொண்டு மிச்சத்தை நாசமாக்கினார்கள். தொழிலாளியின் உயிருக்கும் கூலிக்கும் மதிப்பில்லை. 1971 அக்டோபரில் உருக்கு ஆலைக்கு வேண்டிய கோக்கிங் நிலக்கரிச் சுரங்கங்களை அரசு கையில் எடுத்தது. 1972 மே 1-இல் அவை நாட்டுடைமை. 1973 ஜனவரியில் மற்றவை. அதே ஆண்டு மே 1-இல் அவையும் நாட்டுடைமை. அந்த மாதமே 31-ஆம் தேதி டெல்லி அருகே விமான விபத்தில் குமாரமங்கலம் இறந்தார். 1975 அக்டோபர் 2 அன்று காமராசரும் மறைந்தார். அடுத்த மாதம் நவம்பர் 1-இல் கோல் இந்தியா பிறந்தது. வெட்டிய நிலக்கரியைக் கப்பலில் ஏற்றி வந்து எரிக்கும் தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979-இல் ஓடத் தொடங்கியதும் நம் பக்கத்துக்குக் கரன்ட் இன்னும் கிட்டே வந்தது.

பிறகு காற்று திசை மாறியது. 1993-இல் சட்டத்தைத் திருத்தி, சொந்த மின்நிலையம் வைக்கும் தனியாருக்கும் சுரங்கம் ஒதுக்கினார்கள். ஒதுக்கிய விதம் சரியில்லை என்று 2014 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் 204 ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. 2015 முதல் ஏலம். 2020-இல் யாரும் வெட்டி யாருக்கும் விற்கலாம் என்ற கதவும் திறந்தது. அறுபத்து நாலு வருஷத்தில் வட்டம் ஏறக்குறையச் சுற்றி வந்துவிட்டது.

நெய்வேலியும் இந்தக் காற்றில் ஆடியது. 2006-இல் அதன் பங்குகளில் பத்து சதவிகிதத்தை விற்க மத்திய அரசு முடிவு செய்தபோது, இங்கிருந்து கிளம்பிய எதிர்ப்பில் அந்த முடிவை நிறுத்தி வைத்தார்கள். 2013-இல் மறுபடி விற்பனை என்றபோது, தமிழக அரசு நிறுவனங்களே 3.56 சதவிகிதப் பங்கைச் சுமார் 358 கோடி ரூபாய் கொடுத்து வாங்கின. 1956-இல் டெல்லியிடம் ஒப்படைத்ததில் ஒரு துண்டை மாநிலம் காசு கொடுத்துத் திரும்பப் பெற்றது! 2016-இல் கம்பெனியின் பெயர் என்எல்சி இந்தியா ஆயிற்று. காமராசர் காலத்து முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரோடு ஓய்வு பெற்றது.

தீராத கடன்

புகழ் மட்டும் பாடிவிட்டு முடித்தால் அது மலருக்கு அழகாக இருக்கலாம், நியாயமாக இராது. சுரங்கம் என்றால் யாரோ ஒருவரின் நிலம். நெய்வேலியைச் சுற்றிய ஊர்கள் ஒவ்வொன்றாக எழும்பிப் போயின. தலைமுறைக்குத் தலைமுறை பெருங்குழி அகலமாகிறது. நிலம் கொடுத்தவன் பிள்ளைக்கு நிரந்தர வேலை உண்டா, கொடுத்த விலை போதுமா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், முன்பே கையகப்படுத்திய நிலம் என்று சொல்லி, நின்ற நெற்பயிரின் மேலேயே கால்வாய் வெட்டும் இயந்திரங்களை ஏற்றினார்கள். சட்டப்படி நிலம் கம்பெனியுடையது, பயிர் உழவனுடையது. அந்தக் காட்சியைப் பார்த்து வயிறு எரியாதவர் யார்? அதே ஆண்டு ஏப்ரலில் டெல்டாப் பகுதி நிலக்கரி வட்டாரங்களை ஏலப் பட்டியலிலிருந்து எடுத்ததும் மக்கள் குரலால்தான். புகையும் சாம்பலும் பூமியின் சூடும் வேறு கணக்கு. அந்தக் கணக்கு 1956-இல் எந்தக் கோப்பிலும் கிடையாது.

காமராசர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஆரூடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் செய்ததை மட்டும் வைத்துப் பேசலாம். வரவு நாலு வருஷம் தள்ளி வரும் என்று தெரிந்தும் பொதுப்பணத்தைப் போட ஒரு காலம் துணிந்தது. அந்தப் பணமும் நிலமும் பொதுநன்மைக்குத்தான் என்ற நம்பிக்கையில் ஜனங்கள் விட்டுக்கொடுத்தார்கள். பிறகு வந்த ஒவ்வொரு கொள்கையையும் அளக்க அந்த நம்பிக்கையே படி. பங்கை விற்கும்போதும், புதிதாக நிலம் கேட்கும்போதும், ஒருநாள் சுரங்கத்தையே மூடும்போதும், விட்டுக்கொடுத்தவனுக்கு என்ன மிஞ்சியது என்று கேட்க வேண்டும்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நம் மாவட்டம் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது 1985-இல். அதற்கு முப்பது வருஷம் முன்பு, ஆறாவதைத் தாண்டாத ஒரு விருதுபட்டிக்காரர் ஒப்புதல் கொடுத்த கோப்பின் வெளிச்சத்தில்தான் நம்மில் பலர் பாடம் படித்தோம். உங்களில் சிலர் நாளை அதே மாதிரிக் கோப்புகளுக்கு முன்னால் உட்காருவீர்கள். சூரிய மின்சாரமோ பட்டாசு விதியோ எதுவாகவும் இருக்கலாம். கையெழுத்துப் போடுமுன், அதன் பலன் யாருக்கு, பாரம் யாருக்கு என்று இரண்டு பக்கமும் ஒரு தரம் பாருங்கள். நம் கல்லூரிக்கு நீங்கள் செய்யும் மரியாதை அதைவிட வேறு வேண்டாம்.